அரிசியில் பிறக்கும் ஜப்பானிய விஸ்கி: ஒரே மதுவுக்கு இரு பெயர்கள் ஏன்? சுவைத்து அறிவது எப்படி?

ஜப்பானின் தென்பகுதியில் அரிசியிலிருந்து வடிக்கப்பட்டு, ஓக் மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் ஊறவைக்கப்படும் ஒரு மது, அமெரிக்கக் கடைகளில் 'விஸ்கி' என்ற பெயரில் விற்பனையாகிறது. அதே மதுவை அதன் தாய்நாடான ஜப்பானில் அந்தப் பெயரில் விற்கச் சட்டம் இடம் தருவதில்லை. அங்கு அதன் பெயர் 'ஷோச்சு'. சில நேரங்களில் அந்தப் பெயரும் அதற்குக் கிடைப்பதில்லை.

உலகச் சந்தையில் ஜப்பானிய விஸ்கிக்குக் கிடைத்துள்ள மதிப்பும் விலையும் இந்த அரிசி விஸ்கியின் மீதும் கவனத்தைத் திருப்பியுள்ளன. குப்பியில் உள்ளது என்ன, அதை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்பது வாங்குவோர் முன் உள்ள கேள்வி. தலைமுறை தலைமுறையாக அரிசி மது வடித்துவரும் சிறிய வடிப்பாலைகளுக்கோ இது பிழைப்பைச் சார்ந்த கேள்வி.

குமா பள்ளத்தாக்கு

ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளுள் தென்மேற்கில் அமைந்திருப்பது கியூஷு. அங்குள்ள குமாமோட்டோ மாகாணத்தின் தென்பகுதியில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் ஹிட்டோயோஷி நகரமும் குமா வட்டாரமும் உள்ளன. குமா ஆறு இப்பகுதியின் ஊடாகப் பாய்கிறது. வெப்பமான கோடை, கடுங்குளிர், காலை நேர மூடுபனி ஆகியவை இப்பகுதியின் இயல்பு. சாகாரா குடியினர் ஏறத்தாழ 700 ஆண்டுகள் இப்பகுதியை ஆண்டனர். நெல் வளம் மிகுந்த இந்த மண்ணில் அரிசி மது வடிக்கும் தொழில் பல நூற்றாண்டுகளாக நடைபெற்று வருகிறது.

கியூஷுவின் பிற பகுதிகளில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பார்லி ஆகியவற்றிலிருந்து ஷோச்சு வடிக்கப்படுகிறது. குமா வட்டாரத்தின் சிறப்பு அரிசி. 'குமா ஷோச்சு' என்ற பெயருக்கு 1995-ஆம் ஆண்டு முதல் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு உள்ளது. டார்ஜிலிங் தேயிலைக்கு இந்தியாவில் உள்ள உரிமையை ஒத்தது இது.

அமெரிக்காவில் அரிசி விஸ்கியாக அறியப்படும் பெயர்களுள் பல இவ்வட்டாரத்திலிருந்தும் இதன் சுற்றுப்புறத்திலிருந்தும் சென்றவை. ஹிட்டோயோஷியில் உள்ள ஃபுகானோ வடிப்பாலை 1823-ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. மிசுகாமி என்ற கிராமத்தில் உள்ள ஓஹிஷி வடிப்பாலை 1872-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 'கிக்கோரி' என்ற பெயரில் விற்கப்படும் அரிசி விஸ்கியும் குமாமோட்டோ மாகாணத்தில் வடிக்கப்படுவதே. தெற்கே ஒகினாவா தீவுகளில், நீள அரிசியிலிருந்து வடிக்கப்படும் 'அவாமோரி' என்ற மதுவைப் பீப்பாயில் முதிர்வித்து, 'குஜிரா' என்ற பெயரில் விஸ்கியாக ஏற்றுமதி செய்கின்றனர்.

2020-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி பெய்த பெருமழையில் குமா ஆறு கரைபுரண்டு ஹிட்டோயோஷி நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. குமாமோட்டோ மாகாணத்தில் 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உள்ளூர்ச் சந்தையை மட்டும் நம்பியிருக்கும் சிறு தொழில்களின் நிலை எவ்வளவு நெருக்கடியானது என்பதை இத்தகைய பேரிடர்கள் உணர்த்துகின்றன. வெளிநாட்டுச் சந்தையில் கிடைக்கும் ஒரு பெயருக்கு இங்கு மதிப்பு மிகுந்திருப்பதை இந்தப் பின்னணியில் காண வேண்டும்.

மால்ட் இல்லை, கோஜி உண்டு

தானியத்திலிருந்து மது வடிக்க முதலில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாற வேண்டும். அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றும். ஸ்காட்லாந்து விஸ்கியில் முதல் வேலையைச் செய்வது 'மால்ட்' எனப்படும் முளைகட்டிய பார்லி. தானியம் முளைவிடும்போது உருவாகும் நொதிகள் மாவுச்சத்தை உடைக்கின்றன.

ஜப்பானிய அரிசி மதுவில் இதே வேலையைச் செய்வது 'கோஜி' என்னும் பூஞ்சை. வேகவைத்த அரிசியின் மீது பூஞ்சையின் வித்துகளைத் தூவி, வெதுவெதுப்பான ஈரப்பதமுள்ள அறையில் ஏறத்தாழ இரண்டு நாள்கள் வைத்திருந்தால் அரிசி முழுவதும் பூஞ்சை படர்கிறது. இந்தக் கோஜி அரிசியுடன் நீரும் ஈஸ்டும் சேர்த்து முதல் ஊறல் தயாரிக்கப்படுகிறது. பின்னர் வேகவைத்த அரிசியை மேலும் சேர்த்து இரண்டாம் ஊறல் தொடங்கப்படுகிறது. மாவுச்சத்து சர்க்கரையாவதும் சர்க்கரை ஆல்கஹாலாவதும் ஒரே தொட்டியில் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. ஸ்காட்லாந்து முறையில் இவை அடுத்தடுத்து நிகழும் இரு தனிப் படிகள்.

ஷோச்சுவுக்குப் பெரும்பாலும் வெள்ளைக் கோஜியும் கருங்கோஜியும் பயன்படுத்தப்படுகின்றன. இவை மிகுதியான சிட்ரிக் அமிலத்தை உருவாக்கி, வெப்பமான தட்பவெப்பத்தில் ஊறல் கெட்டுப்போகாமல் காக்கின்றன. இந்த அமிலம் ஆவியாவதில்லை என்பதால் காய்ச்சி வடித்த மதுவில் புளிப்பு இருப்பதில்லை.

2006-ஆம் ஆண்டு ஜப்பானிய மதுவடிப்பு அறிவியல் சங்கம் கோஜியை நாட்டின் 'தேசியப் பூஞ்சை' என அறிவித்தது. கோஜியைக் கொண்டு சாக்கே, ஷோச்சு முதலியவற்றைத் தயாரிக்கும் மரபறிவு 2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

நூற்றாண்டுக்கு முந்தைய முயற்சி

கோஜியைக் கொண்டு விஸ்கி தயாரிக்கும் எண்ணம் புதியதன்று. ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி டாகாமினே 1890-களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள பியோரியா நகரில் இம்முயற்சியில் ஈடுபட்டார். மால்ட்டுக்குப் பதிலாகக் கோஜியைப் பயன்படுத்தினால் நேரமும் செலவும் குறையும் என்பது அவரது கணிப்பு. மால்ட் தொழிலில் இருந்தோர் எதிர்த்தனர். ஆலையில் தீ விபத்தும் நேரிட்டது. முயற்சி வணிக வெற்றி பெறவில்லை.

எனினும் அந்த ஆய்வு வீணாகவில்லை. கோஜியிலிருந்து பிரித்தெடுத்த நொதியை 'டாகா டயஸ்டேஸ்' என்ற பெயரில் செரிமான மருந்தாக்கி அவர் 1894-இல் காப்புரிமை பெற்றார். பின்னாளில் அட்ரினலினைத் தூய வடிவில் பிரித்தெடுத்தவர் என்ற வகையில் மருத்துவ வரலாற்றிலும் அவர் இடம்பெற்றார். ஜப்பானின் முதல் மால்ட் விஸ்கி வடிப்பாலையான யமசாகியின் பணிகள் தொடங்கியது 1923-ஆம் ஆண்டில்தான் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

ஜப்பானில் ஏன் விஸ்கி ஆகாது?

ஜப்பானிய மதுவரிச் சட்டத்தின்படி, விஸ்கிக்கான தானியம் முளைகட்டிய தானியத்தின் துணையால் சர்க்கரையாக்கப்பட வேண்டும். கோஜியால் சர்க்கரையாக்கப்பட்ட மது அந்த வரையறைக்குள் வராது. எத்தனை ஆண்டுகள் ஓக் பீப்பாயில் ஊறினாலும் இந்நிலை மாறாது.

இரண்டாவது தடை நிறம். மரப்பீப்பாயில் ஊறும் மது நாளடைவில் பொன்னிறமும் பழுப்பு நிறமும் பெறுகிறது. ஷோச்சு என்ற பெயரில் விற்க வேண்டுமெனில் அதன் நிறம் ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. மது உறிஞ்சும் ஒளியின் அளவைக் கருவியால் அளந்து, அது 0.08-க்கு மேற்படாமல் இருக்க வேண்டும் என்பது விதி. வழக்கமான விஸ்கியின் நிறத்தில் இது ஒரு சிறு பங்கே. விஸ்கி, பிராந்தி ஆகியவற்றிலிருந்து ஷோச்சுவைப் பிரித்துக் காட்டுவதற்காக எழுந்த விதி இது.

ஷோச்சுவுக்கு ஒரு காலத்தில் விஸ்கியைவிடக் குறைந்த வரி விதிக்கப்பட்டது. ஐரோப்பிய நாடுகள், அமெரிக்கா, கனடா ஆகியவை இதை எதிர்த்து உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தன. 1996-ஆம் ஆண்டில் தீர்ப்பு ஜப்பானுக்கு எதிராக அமைந்தது. வரி வேறுபாடு பின்னர் நீக்கப்பட்டது. நிற வரம்பு நீடிக்கிறது.

இதன் விளைவாக, பத்து ஆண்டுகள் பீப்பாயில் ஊறி ஆழ்ந்த நிறம் பெற்ற அரிசி மதுவை வடிப்பாலையினர் உள்நாட்டில் அப்படியே ஷோச்சுவாக விற்க இயலாது. நிறத்தை வடிகட்டி நீக்கலாம். நிறமற்ற இளம் மதுவுடன் கலக்கலாம். அல்லது வேறொரு பொருளைச் சேர்த்து 'லிக்கர்' என்ற வேறு வகையில் பதிவு செய்யலாம். முதலிரண்டு வழிகளிலும் பீப்பாய் தந்த நிறமும் மணமும் குறைகின்றன.

அமெரிக்காவில் திறந்த வழி

அமெரிக்க விதி வேறு. தானிய ஊறலிலிருந்து, 95 சதவீத ஆல்கஹால் செறிவுக்குக் கீழ் வடிக்கப்பட்டு, விஸ்கிக்குரிய இயல்புகளுடன், ஓக் பீப்பாயில் வைக்கப்பட்டு, குறைந்தது 40 சதவீதச் செறிவில் குப்பியில் அடைக்கப்பட்டது விஸ்கி என்கிறது அந்நாட்டுச் சட்டம். சர்க்கரையாக்கும் வேலையை மால்ட்தான் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. அரிசியும் தானியமே. எனவே பீப்பாயில் ஊறிய அரிசி ஷோச்சு அங்கு சட்டப்படி விஸ்கியாகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் இதை ஏற்பதில்லை. அங்கு மால்ட்டின் நொதியும், குறைந்தது மூன்று ஆண்டுப் பீப்பாய் முதிர்ச்சியும் கட்டாயம்.

ஜப்பானிய விஸ்கி உற்பத்தியாளர்களும் தங்கள் வரையறையை இறுக்கியுள்ளனர். அவர்களது சங்கம் வகுத்த தரவிதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. மாற்றத்துக்கான கால அவகாசம் 2024 மார்ச் 31-உடன் முடிந்தது. இவற்றின்படி 'ஜப்பானிய விஸ்கி' என்று குறிப்பிட மால்ட் கட்டாயம். சர்க்கரையாக்கல், நொதித்தல், வடித்தல் ஆகியவை ஜப்பானிலேயே நடைபெற வேண்டும். 700 லிட்டருக்கு மேற்படாத மரப்பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டுகள் ஜப்பானில் முதிர வேண்டும். வெளிநாட்டு விஸ்கியை வாங்கி, ஜப்பானில் அடைத்து, ஜப்பானியப் பெயரில் விற்கும் போக்குக்கு எதிராக எழுந்த விதிகள் இவை. ஆயினும் இவை சங்க உறுப்பினர்களுக்கான விதிகளே, சட்டமல்ல.

இவ்விதிகளின் எல்லைக்குள் கோஜி விஸ்கி அடங்காது. வெளிநாட்டு மதுவுக்கு ஜப்பானியப் பெயர் சூட்டியவர்களைத் தடுக்க வந்த விதி, நெல் முதல் குப்பி வரை ஜப்பானிலேயே உருவாகும் ஒரு மதுவையும் வெளியே நிறுத்துகிறது. இதுவே இந்த விவாதத்தின் முரண்.

முத்திரைச்சீட்டில் கவனிக்க வேண்டியவை

சுவைத்தறிதல் கண்ணாடிக் கோப்பையில் தொடங்குவதில்லை. குப்பியின் முத்திரைச்சீட்டில் தொடங்குகிறது.

முதலாவது, மூலப்பொருள். அரிசி, அரிசிக் கோஜி ஆகியவை மட்டும் குறிப்பிடப்பட்டுள்ளனவா என்று காண வேண்டும். இரண்டாவது, வடிப்பாலையின் பெயரும் ஊரும். மூன்றாவது, பீப்பாயின் வகை. ஷெர்ரி என்ற ஸ்பெயின் நாட்டுத் திராட்சை மது இருந்த பீப்பாய், பிராந்தி இருந்த பீப்பாய், புதிய ஓக் பீப்பாய் ஆகிய ஒவ்வொன்றும் வெவ்வேறு சுவையைத் தரும். நான்காவது, முதிர்ச்சிக் காலம். அமெரிக்க விதிப்படி, நான்கு ஆண்டுகளுக்குக் குறைவாக முதிர்ந்த விஸ்கியில் அக்காலத்தைக் குறிப்பிட வேண்டும்.

நிறத்தைக் கொண்டு வயதை முடிவு செய்வது பிழை. ஷெர்ரி பீப்பாயில் சில ஆண்டுகளே இருந்த மது கருஞ்சிவப்பாகலாம். பலமுறை பயன்படுத்தப்பட்ட பழைய பீப்பாயில் நெடுங்காலம் இருந்தது வெளிறிய பொன்னிறத்திலேயே நிற்கலாம்.

சுவைத்தறியும் முறை

அடி அகன்று வாய் குறுகிய, துலிப் மலர் வடிவக் கண்ணாடிக் கோப்பை ஏற்றது. அது மணத்தை உள்ளே தேக்கி வைக்கும். 15 முதல் 20 மில்லி லிட்டர் அளவே போதுமானது. பனிக்கட்டி முதலில் வேண்டாம். குளிர்ச்சி மணத்தை அடக்கிவிடும்.

மூக்கைக் கோப்பைக்குள் நுழைக்காமல், விளிம்புக்குச் சற்று மேலே வைத்து, வாயை லேசாகத் திறந்தபடி மெல்ல முகர வேண்டும். ஆல்கஹாலின் காரம் மூக்கைத் தாக்காமல் இருக்க இது உதவும். அரிசி விஸ்கியில் முதலில் தென்படுவது பெரும்பாலும் மென்மையான இனிப்பு மணம். வாழைப்பழம், பேரிக்காய், முலாம்பழம் போன்ற பழ மணங்கள் வரலாம். சோறு வடித்த கஞ்சியின் சாயலும், கோஜி தரும் காளான் அல்லது வேகவைத்த பருப்பின் சாயலும் சிலவற்றில் தெரியும். இவற்றின் மேல் பீப்பாய் தரும் வெண்ணிலா, உலர்திராட்சை, கிராம்பு மணங்கள் படிந்திருக்கும்.

வடித்த முறையும் மணத்தில் வெளிப்படும். காற்றழுத்தம் குறைக்கப்பட்ட கலத்தில் ஊறல் தாழ்ந்த வெப்பநிலையிலேயே கொதிக்கிறது. அவ்வாறு வடித்த மது இலகுவாகவும் பழ மணத்துடனும் இருக்கும். வழக்கமான அழுத்தத்தில் வடித்தது தானிய மணமும் கனமும் கூடியிருக்கும். மால்ட் விஸ்கி பொதுவாக இருமுறை வடிக்கப்படுகிறது. அரிசி ஷோச்சு ஒரே முறை வடிக்கப்படுவதால் ஊறலின் குணம் அதில் கூடுதலாகத் தங்குகிறது.

அடுத்து ஒரு சிறு மிடறு. அதை உடனே விழுங்காமல் நாக்கு முழுவதும் பரவவிட வேண்டும். இனிப்பு எங்கே தொடங்குகிறது, மரத்தின் துவர்ப்பு எப்போது வருகிறது, வாயில் எண்ணெய்ப் பதமாக நிற்கிறதா, நீர்போல் நழுவுகிறதா என்பவை கவனிக்கத்தக்கவை. பின்னர் சில துளி நீர் சேர்த்து மீண்டும் முகர வேண்டும். நீர் சேரும்போது சில மணக்கூறுகள் மேற்பரப்பை நோக்கி நகர்கின்றன என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட கணினி உருவகப்படுத்தல் ஆய்வு காட்டியது.

விழுங்கிய பின் எஞ்சும் சுவை எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பது இறுதிப் படி. அரிசி விஸ்கியின் குறைபாடுகளும் இங்கேதான் வெளிப்படும். அரிசி வடிப்பு மென்மையானது. பீப்பாய் வலுவாக இருந்தால் அரிசி மறைந்து மரம் மட்டுமே எஞ்சும். இறுதிவரை அரிசியின் இனிமை தெரிகிறதா என்பதே நல்ல அரிசி விஸ்கிக்கான உரைகல்.

கரிப்புகை மணத்தையும் கனமான மால்ட் சுவையையும் எதிர்பார்த்து இதை அருந்துவோர் ஏமாற்றம் அடையக்கூடும். அது மதுவின் குறையன்று, அளவுகோலின் குறை.

ஜப்பானில் அருந்தும் வழக்கம்

ஜப்பானியர் ஷோச்சுவை உணவுடன் அருந்துகின்றனர். குளிர்ந்த நீர் கலந்து அருந்துவது 'மிசுவாரி'. வெந்நீர் கலப்பது 'ஓயுவாரி'. கோப்பையில் வெந்நீரை முதலில் ஊற்றி, மதுவைப் பின்னர் சேர்ப்பது வழக்கம். சோடா கலந்த 'ஹைபால்' முறையும் பரவலானது. குமா வட்டாரத்தில் 'காரா' என்ற நீண்ட மூக்குடைய பீங்கான் கலத்திலிருந்து 'சோக்கு' என்ற மிகச் சிறிய கிண்ணத்தில் ஊற்றி அருந்தும் மரபு உண்டு. பீப்பாயில் ஊறிய அரிசி மதுவுக்கும் இம்முறைகள் பொருந்துகின்றன. மீன், காய்கறி உணவுகளின் சுவையை இது மறைப்பதில்லை.

இந்திய அனுபவம்

பெயர்ச் சிக்கல் இந்தியாவுக்கும் புதிதல்ல. இந்தியாவில் விஸ்கி என்ற பெயரில் விற்பனையாகும் மதுவில் பெரும்பகுதி கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து பெறப்படும் ஆல்கஹாலைக் கொண்டது. தானியத்தில் உருவாகாத மதுவை விஸ்கி என்று ஐரோப்பிய ஒன்றியம் ஏற்பதில்லை. அரிசி விஸ்கியின் நிலை இதற்கு நேர்மாறானது. அது முழுக்கத் தானியத்தில் உருவாகிறது. ஆயினும் பிறந்த நாட்டில் அதற்கு அப்பெயர் இல்லை.

அரிசியைப் பூஞ்சையின் துணையால் மதுவாக்கும் அறிவு இந்தியாவின் வடகிழக்கு மாநிலங்களிலும் உண்டு. மூலிகைகள் கலந்த அரிசிமாவு வில்லைகளில் வளரும் பூஞ்சையும் ஈஸ்டும் அங்கு இவ்வேலையைச் செய்கின்றன. அசாமின் திமாசா மக்கள் தயாரிக்கும் 'ஜுதிமா' என்ற அரிசி மது 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. அது காய்ச்சி வடிக்கப்படுவதில்லை. பீப்பாயில் முதிர்விக்கப்படுவதும் இல்லை. எனினும் ஒரு வட்டாரத்தின் மது தன் சொந்தப் பெயரிலேயே மதிப்புப் பெற முடியும் என்பதற்கு அது சான்று.

எந்தப் பெயர் சரி?

விஸ்கி என்ற பெயர் இந்த மதுவை வெளிநாட்டு அலமாரிக்குக் கொண்டு சேர்த்தது. அன்றாட மதுவாகக் கருதப்படும் ஷோச்சுவுக்குக் கிடைக்காத விலையும் அதனால் கிடைத்தது. அதே பெயர், மால்ட் விஸ்கியை எதிர்பார்க்கும் நுகர்வோரைக் குழப்பவும் செய்கிறது. குமா ஷோச்சு என்ற பழம்பெயரைப் பின்னுக்குத் தள்ளவும் செய்கிறது. அரிசி, கோஜி, பீப்பாய், வடிப்பாலை, காலம் ஆகிய ஐந்தையும் முத்திரைச்சீட்டு தெளிவாகச் சொல்லுமானால், பெயர் எதுவாயினும் நுகர்வோர் ஏமாற வாய்ப்பில்லை. அவற்றை மறைக்கும் முத்திரைச்சீட்டைச் சட்டப்படியான பெயராலும் காப்பாற்ற இயலாது.

எந்தப் பெயரில் விற்றாலும் இது 40 சதவீதம் அல்லது அதற்கும் மேற்பட்ட ஆல்கஹால் செறிவுள்ள மது. உடல்நலத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என எதுவும் இல்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் தெரிவித்தது குறிப்பிடத்தக்கது.